டிகிரி முடிவதற்குள் வேலைகளை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்வது எப்படி?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் ஒரு அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் டி.என்.பி.எஸ்.சி. என்கிறார்கள், மீதிப் பேர் பி.எட். என்கிறார்கள், ஒன்றிரண்டு பேர் ஐ.டி. என்கிறார்கள். எனக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லை. எங்கள் கல்லூரிக்கு கம்பெனிகள் ஆள் எடுக்க வருவதில்லை. டிகிரி முடிந்ததும் பி.எட். சேரச் சொல்கிறார் அப்பா. படிக்கும்போதே வெவ்வேறு வேலைகளைத் தெரிந்துகொள்ள ஒரு மாணவிக்கு என்ன வாய்ப்புகள் இருக்கின்றன?

பதில்:

கண்ணால் பார்க்காத வேலை பிடிக்குமா பிடிக்காதா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ‘எது பிடிக்கும் என்றே தெரியவில்லை’ என்பதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். உங்கள் வகுப்பில் மூன்று பெயர்களே திரும்பத் திரும்பக் காதில் விழுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்களில் படித்துவிட்டு மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் என்று நமக்குத் தெரிந்தவர்கள் பள்ளி ஆசிரியரும், தாலுகா ஆபீசில் இருப்பவரும், பொங்கலுக்கு பெங்களூரிலிருந்து வரும் ஐ.டி. அண்ணனும்தான். மத்திய அரசின் 2015ஆம் ஆண்டு தேசியத் தொழில் வகைப்பாட்டில் சுமார் 3,600 தொழில்கள் இருக்கின்றன. அத்தனையும் உங்களுக்குத் தேவையில்லை. ஆறேழு வேலைகளை அருகில் போய்ப் பார்த்தாலே போதும், பேச்சு மூன்று பெயர்களோடு நிற்காது.

நான் கலை அறிவியல் கல்லூரிகளின் வேலைவாய்ப்புப் பிரிவில் பல வருடங்கள் இருந்தவன். அந்த அனுபவத்தில் ஒன்றை அழுத்திச் சொல்வேன். ஒரு வேலையை அதன் பெயரை வைத்தோ சம்பளத்தை வைத்தோ மட்டும் எடை போடாதீர்கள். அந்த வேலையில் இருப்பவருடைய ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிப் போகிறது என்று பாருங்கள். காலை எட்டு மணிக்கு எங்கே இருக்கிறார், பதினோரு மணிக்கு என்ன செய்கிறார், யாரிடம் திட்டு வாங்குகிறார், எப்போது வீட்டுக்குப் போகிறார் என்று தெரிந்தால், அந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது உங்களுக்கே விளங்கும். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பார்ப்பதற்கான வழிகள்தான்.

நீங்கள் இப்போது மூன்றாம் செமஸ்டரில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஒரு முழுக் கோடை விடுமுறை முன்னால் இருக்கிறது. அதைவிட்டால் அடுத்த கோடை டிகிரி முடிந்த பிறகுதான். அந்த மே மாதத்துக்கான வேலை ஆகஸ்டு, செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறது. நம் பிள்ளைகள் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் தேட ஆரம்பிக்கிறார்கள். அதற்குள் நல்ல வாய்ப்புகளின் கடைசித் தேதி போய் நான்கைந்து மாதம் ஆகியிருக்கும்.

செலவே இல்லாத வழியில் ஆரம்பிக்கலாம்: ஆட்களிடம் பேசுவது. உங்கள் துறையில் கடந்த பத்து வருடங்களில் படித்து முடித்தவர்கள் எங்கெங்கோ வேலையில் இருக்கிறார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று துறைத் தலைவருக்கு ஓரளவு தெரியும், லேப் அசிஸ்டென்டுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவரிடம் கேட்டுப் பாருங்கள், பத்துப் பேருடைய பெயர் கிடைக்கும். அதில் நான்கு பேர் மருந்து கம்பெனியில், ஒருவர் சாயப்பட்டறைப் பக்கம், ஒருவர் வங்கியில், ஒருவர் வெளிநாட்டில் என்று ஒரு படம் தெரிய ஆரம்பிக்கும்.

அவர்களுக்குச் செய்தி அனுப்பத் தயங்குகிறீர்கள் என்றால் இப்படி எழுதலாம்: “வணக்கம் அண்ணா. நான் நம் கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். துறைத் தலைவர் மேடம் உங்கள் எண்ணைக் கொடுத்தார். வேலை கேட்டு எழுதவில்லை. நீங்கள் செய்யும் வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு பதினைந்து நிமிடம் பேச முடியுமா? உங்களுக்கு வசதியான நேரத்தைச் சொல்லுங்கள்.” ‘வேலை கேட்டு எழுதவில்லை’ என்ற வரி முக்கியம். வேலை கேட்டால் பதில் சொல்லச் சங்கடப்படும் சீனியர்கள்கூடத் தங்கள் வேலையைப் பற்றிக் கேட்டால் மனம் விட்டுப் பேசுவார்கள். சொந்தக் கல்லூரிப் பிள்ளை கேட்டால் மறுப்பவர்கள் குறைவு.

பேசும்போது “இந்த ஃபீல்டுக்கு ஸ்கோப் எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் “நல்லா இருக்கு, உழைச்சா முன்னேறலாம்” என்றுதான் சொல்வார்கள். அதில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. “நேற்று வேலைக்குப் போனதிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்வரை என்னென்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். “உங்களோடு சேர்ந்தவர்களில் யார் விட்டுப் போனார்கள், ஏன்?” என்று கேளுங்கள். “புதிதாகச் சேர்பவர்களுக்கு இப்போது என்ன தருகிறார்கள்?” என்று கேட்பதிலும் தவறில்லை. அவருடைய சொந்தச் சம்பளத்தை மட்டும் கேட்க வேண்டாம். பெண்களுக்கு நைட் ஷிஃப்ட் உண்டா, கம்பெனி பஸ் உண்டா, தங்குவதற்கு ஹாஸ்டல் எப்படி என்று அக்காமார் யாரிடமாவது தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்கள் சொல்லும் பதிலுக்கும் அவர்கள் சொல்லும் பதிலுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

மருந்து கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கும் ஒருவரிடம் பேசினீர்கள் என்று வையுங்கள். ஒரு மருந்தில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியில் மாதிரியைப் போட்டுவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பது, ஒவ்வொரு படியையும் நேரம் போட்டு லாக் புக்கில் எழுதுவது, ஒரு எண்ணை அடித்துத் திருத்தினால்கூடக் கையெழுத்தும் காரணமும் எழுதுவது, ஆடிட் வருகிறது என்றால் இரவு பகலாக ஃபைல்களைச் சரிபார்ப்பது என்று சொல்வார். பொறுமையும் ஒழுங்கும் உள்ளவர்களுக்கு அது நல்ல வேலை. ஒரே வேலையைத் திரும்பச் செய்ய முடியாதவர்கள் ஆறு மாதத்தில் ஓடிவிடுவார்கள். ‘பார்மா கம்பெனி’ என்ற பெயருக்குள் இதெல்லாம் இருப்பது பேசினால்தான் தெரியும்.

அடுத்தது, போய்ப் பார்ப்பது. இதில் உங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இருக்கும் வசதி சென்னைப் பிள்ளைகளுக்கே இல்லை என்பேன். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, எல்லோரும் செக்ரி என்பார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வரவழைத்த நிறுவனம். 1948ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953ல் திறந்தார்கள். பேட்டரி, துருப்பிடிப்பதைத் தடுப்பது, மின்முலாம் என்று நீங்கள் பாடத்தில் படிக்கும் மின்வேதியியல் முழுவதும் அங்கே வேலையாக நடக்கிறது. அந்த நிறுவனம் சி.எஸ்.ஐ.ஆர். என்ற மத்திய அரசு ஆராய்ச்சி அமைப்பைச் சேர்ந்தது. சி.எஸ்.ஐ.ஆர். தொடங்கிய நாள் செப்டம்பர் 26. அந்த நாளை ஒட்டி அதன் ஆய்வகங்களை மாணவர்களும் பொதுமக்களும் பார்ப்பதற்காகத் திறந்துவிடுவது வழக்கம். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளை ஒட்டியும் பல ஆய்வு நிறுவனங்களில் நிகழ்ச்சிகள் இருக்கும். தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, வகுப்பாகவே போக முடியுமா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். போனால் கருவிகளை மட்டும் வேடிக்கை பார்த்துவிட்டு வராமல், அங்கே பிஎச்.டி. செய்யும் ஒரு அக்காவையோ அண்ணனையோ பிடித்து, எந்தப் படிப்பு படித்து எப்படி உள்ளே வந்தார் என்று கேளுங்கள். ஆராய்ச்சி என்ற வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை அவர்தான் சரியாகச் சொல்வார். உதவித்தொகை எவ்வளவு, எத்தனை வருடம் ஆகும், சோதனை வராமல் போனால் என்ன செய்வது, எல்லாமே.

செக்ரியோடு நிறுத்த வேண்டாம். நீங்கள் லேபில் ஈ.டி.டி.ஏ. வைத்து நீரின் கடினத்தன்மை கண்டுபிடிக்கிறீர்களே, அதையே தினமும் வேலையாகச் செய்பவர்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் இருக்கிறார்கள். ஊர் ஊராக வரும் தண்ணீர் மாதிரிகளில் ஃபுளோரைடு, நைட்ரேட், உப்பின் அளவு பார்ப்பது அவர்கள் வேலை. படமாத்தூர் சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும்போது, கரும்புச் சாறின் பிரிக்ஸ் (கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள்), போல் (சர்க்கரை) அளவுகளை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் எடுத்துக்கொண்டே இருக்கும் லேப் கெமிஸ்டுகள் இருப்பார்கள். ஆவின் பால் பண்ணையில் வண்டி வந்து நின்றதும் கொழுப்புச் சத்தும் மற்ற திடச் சத்தும் பார்த்துத்தான் பாலை இறக்குகிறார்கள். சிவகங்கையில் தமிழ்நாடு கனிம நிறுவனத்தின் கிராஃபைட் ஆலை இருக்கிறது. பிளஸ் டூ புத்தகத்தில் நுரை மிதப்பு முறை என்று படித்திருப்பீர்கள். அந்த வகை மிதப்பு முறையில்தான் அங்கே கிராஃபைட்டைப் பிரிக்கிறார்கள். இவை எல்லாம் உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பக்கூடிய தூரம்.

கொஞ்சம் தள்ளிப் போனால் திருப்பூர். சாயக் கழிவு நொய்யலில் கலந்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன்பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அவை ஓடுகின்றன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வுகளும் ஆவியாக்கிகளும் வைத்துத் தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுக்கிறார்கள். அதற்கு வேதியியல் படித்தவர்கள் தேவைப்படுகிறார்கள். கழிவுநீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ்., மாசின் அளவைக் காட்டும் சி.ஓ.டி. பார்ப்பது, எந்த ரசாயனம் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்வது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கணக்குக் காட்டுவது. நாற்றமும் வெக்கையும் உள்ள இடம்தான், மறைக்கவில்லை. ஆனால் ஒரு ஆறு அழியாமல் இருப்பது அந்த வேலையைச் சரியாகச் செய்வதில்தான் இருக்கிறது. இப்படி ஒரு துறை இருப்பதே பி.எஸ்சி. வேதியியல் மாணவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்த இடங்களுக்கு எப்படிப் போவது? பல பல்கலைக்கழகங்களின் புதிய பாடத்திட்டத்தில் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் ஒரு சிறிய இன்டர்ன்ஷிப் வைத்திருக்கிறார்கள். மதிப்பெண் ஐந்தாம் செமஸ்டரில் ஏறும். உங்களுக்கும் இருக்கிறதா என்று பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். இதற்கு நிறையப் பேர் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். தெரிந்த கம்ப்யூட்டர் சென்டரில் பணம் கட்டி சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கல்லூரியே கையெழுத்துப் போட்டு ‘இந்தப் பெண்ணை உள்ளே விடுங்கள்’ என்று கடிதம் கொடுக்கிற காலம் வாழ்க்கையில் இது ஒன்றுதான். பின்னால் நீங்களாகப் போய் நின்றால் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவார்.

கடிதத்தோடு போகும் மாணவர்களையும் நிறைய இடங்களில் மறுப்பார்கள். பாதுகாப்பு, ரகசியம், கவனித்துக்கொள்ள ஆள் இல்லை என்று அவர்களுக்கும் நியாயமான காரணங்கள் உண்டு. அதனால் பெரிதாகக் கேட்காதீர்கள். ஒரு மாதம் பயிற்சி என்று கேட்டால் முடியாது என்பவர்கள், ஐந்து நாள் ஓரமாக நின்று பார்க்கிறோம், எந்தக் கருவியையும் தொட மாட்டோம் என்றால் யோசிப்பார்கள். இரண்டு பேராகப் போங்கள், பத்துப் பேராகப் போகாதீர்கள். பிப்ரவரியில் கடிதம் கொடுத்துவிட்டு மார்ச்சில் ஒருமுறை நேரில் போய் நினைவுபடுத்துங்கள். நம் ஊர் அலுவலகங்களில் மின்னஞ்சலைவிட நேரில் போய் நிற்பதற்குத்தான் மதிப்பு. சர்க்கரை ஆலைக்கு மட்டும் மே மாதத்தை நம்பாதீர்கள். அரவை எப்போது நடக்கிறது என்று விசாரித்து அந்தச் சமயத்தில் போனால்தான் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும்.

அங்கே இருக்கும் நாட்களில் தினமும் இரவில் இரண்டு பத்தி எழுதி வையுங்கள். எந்த வேலையின்போது நேரம் போனதே தெரியவில்லை, எப்போது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும். மூன்று நான்கு இடங்களைப் பார்த்தபின் அந்தக் குறிப்புகளைச் சேர்த்துப் படியுங்கள். ஆர்வத்தை அளக்கும் தேர்வுகள் இணையத்தில் இருக்கின்றன. ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளரின் ஆறு வகைக் கோட்பாட்டை வைத்து அமெரிக்கத் தொழிலாளர் துறை இலவசமாக வைத்திருக்கும் 60 கேள்வித் தேர்வு அவற்றில் நல்லது. செய்து பாருங்கள். ஆனால் அது சொல்லும் வேலைகள் அமெரிக்காவுக்கு எழுதப்பட்டவை. உங்கள் குறிப்புகளை நான் அதைவிட நம்புவேன்.

இப்போது, செப்டம்பரிலிருந்தே பார்க்க வேண்டியவை. பெங்களூரில் இந்திய அறிவியல் அகாடமி (ஐ.ஐ.எஸ்சி. அல்ல), டெல்லியில் ஒன்று, பிரயாக்ராஜில் (அலகாபாத்) ஒன்று என்று மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து ஒவ்வொரு கோடையிலும் ஒரு ஆராய்ச்சிப் பயிற்சி உதவித்தொகை தருகின்றன. தேர்வானால் நாட்டில் எங்காவது ஒரு விஞ்ஞானியின் ஆய்வகத்தில் சுமார் இரண்டு மாதம் வேலை செய்யலாம். உதவித்தொகையும் ரயில் கட்டணமும் கொடுப்பார்கள். அறிவிப்பு பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் வரும், நவம்பருக்குள் விண்ணப்பம் முடிந்துவிடும். தகுதி மதிப்பெண், எந்த ஆண்டு மாணவர்கள் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் எதைச் செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு குறிப்பும், ஒரு ஆசிரியரின் பரிந்துரையும் வேண்டும். அந்தக் குறிப்பில் ‘எனக்குச் சிறு வயதிலிருந்தே அறிவியல் ஆர்வம்’ என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். ‘எங்கள் ஊர்க் கிணறுகளில் ஃபுளோரைடு இருக்கிறது, அதை மலிவாக நீக்கும் பொருட்களைப் பற்றிப் படித்தேன், இந்த இடம் புரியவில்லை, அதைச் செய்து பார்க்க வேண்டும்’ என்று எழுதினால் படிப்பார்கள். இதற்கு விண்ணப்பிக்கும் அரசுக் கல்லூரிப் பிள்ளைகள் மிகக் குறைவு. தகுதி இல்லாததால் அல்ல, யாரும் சொல்லாததால்.

மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004 முதல் இளநிலை மாணவர்களுக்காக நியுஸ் (NIUS) என்ற திட்டத்தை நடத்துகிறது. வேதியியலுக்குத் தனிப் பிரிவு உண்டு. முதலில் முகாம், அதில் ஆர்வம் காட்டுபவர்களுக்குப் பிறகு ஆய்வுத் திட்டம். இதையும் இந்த ஆண்டே பாருங்கள். மூன்றாம் ஆண்டில் பார்த்தால் காலம் கடந்துவிடும். உங்கள் தோழி யாராவது கணிதம் படித்தால், 1993 முதல் நடக்கும் எம்.டி.டி.எஸ். கோடைப் பயிற்சியைப் பற்றிச் சொல்லுங்கள். அந்த நான்கு வாரம் அவருக்குக் கணிதம் உண்மையிலேயே பிடிக்குமா என்று காட்டிவிடும்.

இப்படி ஒரு ஆய்வகத்தைப் பார்த்தபின் அது மனதைப் பிடித்துக்கொண்டால், அடுத்த வாசல் ஜாம் தேர்வு. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கானது. செப்டம்பர், அக்டோபரில் விண்ணப்பம், பிப்ரவரியில் தேர்வு, நீங்கள் மூன்றாம் ஆண்டில் எழுதலாம். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு முதுநிலை க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. எம்.எஸ்சி. என்றால் பக்கத்துக் கல்லூரி என்று மட்டும் நினைத்துக்கொண்டு விடாதீர்கள்.

சரி, உங்கள் வகுப்பு சொல்லும் அந்த மூன்றுக்கு வருகிறேன். அவை மோசமான வேலைகள் இல்லை. சோதித்துப் பார்க்காமல் சேர்வதுதான் பிரச்சினை.

பி.எட். என்பது இரண்டு வருடப் படிப்பு. அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக வேண்டுமென்றால் அதற்கு மேல் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், நியமனத் தேர்வு என்று நிற்கும். அவ்வளவு தூரம் போவதற்கு முன்னால் ஒரு வகுப்பறையில் நின்று பாருங்கள். உங்கள் தெருவில் இருக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் அறிவியல் சொல்லிக்கொடுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் உங்கள் மாவட்டக் கிளையில் சேர்ந்து, பள்ளிகளில் எளிய பரிசோதனைகள் செய்து காட்டும் நிகழ்ச்சிகளுக்குப் போங்கள். 2022 நவம்பரில் அரசு தொடங்கிய வானவில் மன்றம் திட்டத்தில் அரசு நடுநிலைப் பள்ளிகளுக்குப் போய்ப் பரிசோதனை செய்து காட்டும் கருத்தாளர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு பேசிப் பாருங்கள். ஒரே விஷயத்தை நான்காவது முறை விளக்கும்போதும் அந்தப் பிள்ளைக்குப் புரிய வேண்டும் என்ற தவிப்பு உங்களுக்குள் இருந்தால், அப்பா சொல்வது உங்களுக்குச் சரியான வழி. எரிச்சல் வந்தால் அதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

டி.என்.பி.எஸ்.சி. பற்றி எனக்கு ஒரு கவலை உண்டு. அரசு வேலை வேண்டும் என்பதற்காக நான்கைந்து வருடங்களை ஒரே தேர்வில் வைத்துவிட்டு, வேறெதையும் கற்றுக்கொள்ளாமல் இருபத்தேழு வயதில் திகைத்து நிற்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் இப்போதே சோதியுங்கள். பழைய வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. மூன்று மாதம் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படித்து, ஒரு முழு வினாத்தாளைக் கடிகாரம் வைத்து எழுதுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்ற பெயரில் இலவச வகுப்பு நடக்கிறது. அங்கே தொழில் ஆலோசனையும் கேட்கலாம். மாதந்தோறும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாமும் நடத்துகிறார்கள். வேலை தேடும் நிலையில் இல்லாவிட்டாலும் ஒரு முகாமுக்குப் போய், எந்தெந்த கம்பெனி என்ன கேட்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். கூடவே, அந்தப் பதவியின் செவ்வாய்க்கிழமையையும் பாருங்கள். ஒரு கிராம நிர்வாக அலுவலரோ தாலுகா ஆபீஸ் உதவியாளரோ நாள் முழுக்க யாரையெல்லாம் சந்திக்கிறார், என்ன கோப்பு பார்க்கிறார் என்று தெரியாமலே அந்தத் தேர்வுக்கு வருடக்கணக்கில் படிப்பவர்கள் அதிகம்.

ஐ.டி.யைச் சோதிப்பது மூன்றிலும் சுலபம். ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டெல். இணையத் தளத்தில் தொடக்க நிலை நிரலாக்கப் பாடம் ஒன்றை இலவசமாகக் கேட்கலாம், சர்டிபிகேட் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் கட்டி மையத்தில் போய் எழுத வேண்டும். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ்க் குரலிலேயே பாடங்கள் இருக்கின்றன. ஒரு பிழையைத் தேடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கண்டுபிடித்ததும் மகிழ்ச்சி வந்தால் மேலே போங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020ல் தொடங்கிய ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பை இப்போதைய படிப்போடு சேர்த்தே படிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022ல் அனுமதித்துவிட்டது. வருமானம், சமூகப் பிரிவைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் வேதியியல் லேபையும் இதையும் சேர்த்து இழுப்பது கடினம். முதலில் இலவசப் பாடத்தை முடித்துவிட்டு யோசியுங்கள்.

தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் 2022 மார்ச் 1 அன்று தொடங்கியது. உங்கள் கல்லூரியிலும் ஏதோ ஒரு படிப்பு ஒதுக்கியிருப்பார்கள். வருகைப் பதிவுக்காக மட்டும் உட்காராமல் அதிலுள்ள செய்முறைப் பகுதியைச் செய்யுங்கள். என்.எஸ்.எஸ்.ஸில் இருந்தால் ஏழு நாள் சிறப்பு முகாமில் கிராமத்து வேலையையும் மக்களையும் பார்க்கலாம். என்.சி.சி.யில் ‘சி’ சான்றிதழ் நல்ல கிரேடில் வாங்குபவர்களுக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் ராணுவ அதிகாரி நேர்முகத்துக்குப் போக ஒரு தனி வழி இருக்கிறது, பெண்களுக்கும் உண்டு.

2024 அக்டோபரில் சோதனை முறையில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது முழுநேரம் படிப்பவர்களுக்கு அல்ல, படிப்பை முடித்த 21 முதல் 24 வயதினருக்கு என்று தொடங்கியது. எனவே உங்கள் டிகிரி முடியும்போது அப்போதைய விதியைப் பாருங்கள். அதேபோல 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின்கீழ் பட்டதாரிகளுக்கான ஒரு வருடப் பயிற்சியும் டிகிரிக்குப் பிறகுதான். நெய்வேலி என்.எல்.சி. போன்ற நிறுவனங்கள் பொறியியல் அல்லாத பட்டதாரிகளையும் இதில் எடுத்திருக்கின்றன. மாத உதவித்தொகை உண்டு, நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் இல்லை. ஒரு பெரிய ஆலைக்குள் ஒரு வருடம் இருந்து பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை.

பணம் கேட்கும் இன்டர்ன்ஷிப்புகளிடம் கவனமாக இருங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விலகிவிடுங்கள். டெலிகிராம் குழுவில் சேர்த்து, இரண்டு வீடியோ அனுப்பி, மாதக் கடைசியில் சர்டிபிகேட் தரும் இடங்களால் உங்களுக்கு எந்தப் பயனும் இல்லை. ஆய்வு நிறுவனங்கள் சிலவற்றில் புராஜெக்ட் மாணவர்களிடம் முறையான கட்டணம் வாங்குவது வேறு. அது நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் போட்டிருக்கும், ரசீதும் தருவார்கள்.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அரசுப் பள்ளியில் படித்து வந்தவர் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அதில் ஒரு பகுதியை இந்தப் பயணங்களுக்கென்று ஒதுக்குங்கள். மேலே சொன்ன உள்ளூர் இடங்கள் எல்லாவற்றுக்கும் அந்தப் பணத்திலேயே போய்வரலாம்.

கடைசியாக அப்பா. அவரிடம் பி.எட். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், உங்களுக்கே அது இன்னும் தெரியாதே. பி.எட். சேர்க்கை எப்படியும் டிகிரி முடிந்த பிறகுதான், அதற்குள் இரண்டு மூன்று இடங்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். பெண்பிள்ளையைத் தெரியாத இடத்துக்கு அனுப்புவதில் அவருக்குத் தயக்கம் இருந்தால், முதல் இடத்துக்கு அவரையே கூட வரச் சொல்லுங்கள். சர்க்கரை ஆலைக்கோ ஆவினுக்கோ போனால் அங்கே அவருக்குத் தெரிந்த யாராவது ஒருவர் இருப்பார். கரும்பு போடும் உறவினர், பால் ஊற்றும் பக்கத்து வீட்டுக்காரர் என்று அவர் வழியாகவே கதவு திறக்கவும் வாய்ப்பு உண்டு. அங்கே லேபில் வேலை செய்யும் பெண்களை அவர் நேரில் பார்த்துவிட்டு வந்தால், அடுத்த இடத்துக்கு அனுமதி கேட்பது உங்களுக்குச் சுலபமாக இருக்கும். துறைத் தலைவரிடம் அறிமுகக் கடிதத்தை இந்த வாரமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.